கட்டட மின்சிக்கன வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு: மீட்டரிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணே, எனர்ஜி ஆடிட்டர் ஆகணும்னா எந்தக் கோர்ஸ்ல சேரணும்?" மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டு போன் செய்கிறார்கள். கட்டடத்தில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்பவர்தான் எனர்ஜி ஆடிட்டர். கேட்பவர் சில நேரம் இ.இ.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை. சில நேரம் பத்து வருடமாக ஏசி சர்வீஸ் பார்ப்பவர். ஒருமுறை ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவி கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் முதல் வேலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் வீட்டு இ.பி. மீட்டர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள்.

முதல் படி: வீட்டு மீட்டர்

ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் வருவது வாட். 36 லட்சத்தை 3200ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த 1125. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

15 விநாடி வந்தால் 75 வாட். பழைய ஃபேன். 37, 38 விநாடி வந்தால் 30 வாட். மின்சாரம் குறைவாக இழுக்கும் புது ரக பி.எல்.டி.சி. ஃபேன். ஒரே ஒரு சிமிட்டலை நம்பிவிடாதீர்கள். பத்துச் சிமிட்டலுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுங்கள். அப்புறம் கணக்கு. ஒரு நாளைக்கு 14 மணி நேரம், 60 நாள் பில். பழைய ஃபேனுக்கு 63 யூனிட், புதியதற்கு 25 யூனிட். ஒரே ஒரு ஃபேனில் 38 யூனிட் வித்தியாசம். அதை உங்கள் ஸ்லாப் விலையால் பெருக்கிப் பார்த்தால், புது ஃபேன் வாங்கிய காசு எத்தனை பில்லில் திரும்பி வரும் என்பதும் தெரிந்துவிடும்.

நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது பெரும்பாலும் இதைத்தான். ஃபேன் இருந்த இடத்தில் 300 டன் சில்லர் (பெரிய கட்டடத்தின் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இருக்கும், ஸ்டாப்வாட்ச் இருந்த இடத்தில் மின்சாரத்தை அளக்கும் பவர் அனலைசர் இருக்கும். இந்தப் பத்து நிமிடம் சலிப்பாக இருந்தால் தொழிலும் சலிப்பாகத்தான் இருக்கும். அடுத்து பக்கத்து அறை டியூப் லைட்டை அளக்கலாமா என்று கை பரபரத்தால் மேலே படியுங்கள்.

இரண்டாவது படி: வேலை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கட்டடக்காரர் தானாக வந்து மின்சாரத்தை மிச்சம் பிடித்துக்கொடுங்கள் என்று கேட்பது அபூர்வம். இரண்டு காரணத்தால் கூப்பிடுவார்: பில் எகிறியிருக்கும், அல்லது சட்டம் கேட்டிருக்கும்.

சட்டத்தின் கதை சுருக்கமானதுதான். எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன் கீழ் எரிசக்தி திறன் பணியகம் 2002 மார்ச் 1 அன்று தொடங்கியது. தொழிலில் எல்லோரும் அதை பி.இ.இ. என்றுதான் சொல்வோம், ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் ஸ்டார் ஒட்டுவது இவர்கள்தான். வணிகக் கட்டடங்களுக்கான ஈ.சி.பி.சி. விதித்தொகுப்பு 2007இல் வெளியானது, 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்பு அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட உச்ச அளவு), அதற்கு மேல் உள்ள கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. வீடுகளுக்கு எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற தனித் தொகுப்பு 2018 டிசம்பர் 14 அன்று வந்தது. 2022இல் மூலச் சட்டத்தையே திருத்தி, குடியிருப்புக் கட்டடங்களுக்கும் கைநீட்டினார்கள். மத்திய விதியை ஒவ்வொரு மாநிலமும் தன் கட்டட விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதால், மாநிலத்துக்கு மாநிலம் வேகம் மாறும். வேலை தேடும் ஊரில் எது அமலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது படி: உங்கள் வாசல் எது?

ஐ.டி.ஐ. வாசலை முதலில் சொல்கிறேன். யாரும் மதிக்காத வாசல் அது. நான் பார்த்தவரை அதிகம் தாங்குவதும் அதுதான்.

பத்தாவது முடித்தவர்களுக்கு இரண்டு டிரேடு பொருந்தும்: குளிர்பதனம் மற்றும் ஏசி டெக்னீஷியன், எலக்ட்ரீஷியன். இரண்டுமே இரண்டு வருடம். முடித்ததும் அப்ரன்டிஸ் போய்விடுங்கள். உதவித்தொகை சொற்பம் என்று சொல்லி நேராக வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு, பெரிய பிளான்ட் ரூம் (சில்லரும் பம்பும் ஓடும் அறை) உள்ளே கால் வைக்கும் வாய்ப்பு அப்புறம் லேசில் கிடைப்பதில்லை. ஐ.டி.ஐ. போகாமலே வயரிங் வேலையில் கைதேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரு வார்த்தை. "கேஸ் கம்மியாயிடுச்சு சார், போட்டுடலாம்." இந்த வசனத்தை என்றைக்கு விடுகிறீர்களோ அன்றைக்கு நீங்கள் வேறு ஆள். குளிர்பதன வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லையே. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ லீக். லீக்கைப் பார்க்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த கோடையில் அதே வீட்டுக்கு மறுபடி போவீர்கள். உங்களுக்கு வருமானம்தான், ஆனால் நடுவில் அந்த ஏசி தேவைக்கு மேல் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, வாக்கம் பம்ப் போடாமல் கேஸை வைத்தே குழாய்க் காற்றை வெளியே தள்ளும் பழக்கம். பழைய ஏசி வாயுவான ஆர்-22 காலத்தில் அதைச் செய்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இப்போது வருகிற ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் ரகம். ஆர்-290 என்பது நன்றாகவே எரியும் புரோப்பேனேதான். 2019இல் இந்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காக வைத்தது. அது மாதிரி குறுகிய காலப் பயிற்சி உங்கள் பக்கம் நடந்தால் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய் உட்காருங்கள்.

அடுத்து டிப்ளமா, பி.இ. படித்தவர்கள். எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் இரண்டுக்கும் வழி திறந்தே இருக்கிறது. படிப்பு முடித்ததும் ஓராண்டு அப்ரன்டிஸ் பயிற்சிக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் இருக்கும்போதே இஷ்ரே மாணவர் கிளை இருந்தால் சேருங்கள். இஷ்ரே என்பது குளிர்பதன, ஏசி பொறியாளர்களின் சங்கம், 1981இல் தொடங்கியது. அவர்களின் கூட்டங்களில் பேச்சைவிட டீ இடைவேளைதான் முக்கியம். என் இரண்டாவது வேலை அப்படி ஒரு டீ இடைவேளையில் கிடைத்தது.

மேற்படிப்பு வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் எனர்ஜி இன்ஜினியரிங்கில் எம்.இ. இருக்கிறது. இரண்டு வருடம் களத்தில் இருந்துவிட்டு அதில் சேருங்கள் என்பேன். பிளான்ட் ரூம் பார்க்காமல் படித்தால் பாதிப் பாடம் காற்றில் போகும்.

ஆர்க்கிடெக்சர், சிவில் ஆட்களின் வாசல் வேறு. ஏசி போட்ட பிறகு மிச்சம் பிடிப்பதைவிட, ஏசியே குறைவாகத் தேவைப்படும்படி கட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. நம் ஊர் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்களே, அது மழை ஒழுகாமலிருக்க மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெயில் கீழே இறங்குவதையும் அது தாமதப்படுத்துகிறது. வெறும் கான்கிரீட் தளத்தின் அடியில் மே மாதம் இரவு எட்டு மணிக்குக் கையை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

அந்தக் கையால் உணர்ந்ததை எண்ணாக்குவதுதான் உங்கள் படிப்பு. 2018இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதாவில் ஆர்.இ.டி.வி. என்று ஒரு அளவு வரும். வெளிச்சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது அது. குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற எல்லாத் தட்பவெப்ப மண்டலங்களுக்கும் இந்த வரம்புதான். மாடித் தளத்துக்குத் தனிக் கணக்கு. 500 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக எழுதிய விதி. உங்கள் தெருவில் புதிதாக எழும் அடுக்குமாடி ஒன்றின் வரைபடத்தை வாங்கி, மேற்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேடு இருக்கும்போதும் இல்லாதபோதும் இந்த எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். விதி முழுசும் புரிய அந்த ஒரு கணக்கு போதும்.

மண்ணில் கை வைத்துக் கற்க ஆசைப்படுபவர்களுக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்திய மண் கல் செய்வது, கட்டுவது என்று குறுகிய கால வகுப்புகள் நடத்துகிறார்கள்.

கணினிப் பக்கம் போக நினைப்பவர்கள் எனர்ஜிபிளஸைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணினியிலேயே கணக்கிட, அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் மென்பொருள். முதல் மாடலாக ஐந்து நட்சத்திர ஓட்டலைப் போடாதீர்கள். உங்கள் வீட்டைப் போடுங்கள், சென்னை வானிலைக் கோப்பைக் கொடுங்கள், வரும் விடையை இ.பி. பில்லோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை பொருந்தவே பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும் அந்த வாரம்தான் உண்மையான கோர்ஸ். பாடம் கேட்க என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வீடியோக்கள் இலவசமாக இருக்கின்றன; தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

நான்காவது படி: பிளான்ட் ரூமில் ஒரு வருடம்

எந்த வாசலில் வந்தாலும் இதைத் தாண்டாதீர்கள். பெரிய மருத்துவமனை, ஓட்டல், ஐ.டி. பார்க், எதுவாக இருந்தாலும் சரி. பராமரிப்பு நிறுவனங்கள் ஷிப்ட் டெக்னீஷியன், ஷிப்ட் இன்ஜினியர் என்று எப்போதும் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. சம்பளம் பெரிதாக இருக்காது.

என் முதல் வேலை ஒரு மருத்துவமனை சில்லர் பிளான்டில், நைட் ஷிப்ட். மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுத வேண்டும். சீனியர் ஒருவர் காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரவு முழுவதற்கும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்: 7, 7, 7, 7. ஒரு வாரத்தில் நானும் பழகிக்கொண்டேன். ஒருநாள் ஆடிட்டர் வந்தார். லாக் புக்கை இரண்டு பக்கம் புரட்டினார். "ஏன் தம்பி, உங்க சில்லருக்கு ஒரு நாள் கூட ஜுரம் வந்ததில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். தண்ணீர் 9 டிகிரியில் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நாளாக என்று எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர் லாக் புக்கின் பின் அட்டையில் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்கு இது. விநாடிக்கு 30 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. திரும்பி வருவது 12.5 டிகிரி, குளிர்ந்து போவது 8 டிகிரி. வித்தியாசம் 4.5. மூன்றைப் பெருக்க வேண்டும், 30, தண்ணீரின் தன்வெப்பமான 4.19, 4.5: சுமார் 565 கிலோவாட் குளிர். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், ஆக 161 டன். கம்ப்ரசர் இழுப்பது 130 கிலோவாட் என்றால், டன்னுக்கு 0.81 கிலோவாட். இப்போது தெர்மாமீட்டர் அரை டிகிரி பொய் சொல்கிறது, வித்தியாசம் 4 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 143 டன் ஆகிவிடும், டன்னுக்கு 0.91 ஆகிவிடும். அரை டிகிரியில் 18 டன் காணோம். நல்ல சில்லரை ஓட்டை என்று சொல்லி மாற்றச் சொல்லவும், ஓட்டைச் சில்லரை நல்லது என்று விட்டுவிடவும் இந்த அரை டிகிரி போதும். அதனால்தான் இந்தத் தொழிலில் ஆளை எடைபோடும்போது, எண்ணைச் சொன்னவுடன் "எதை வைத்து அளந்தீங்க?" என்ற கேள்வி வரும்.

ஐந்தாவது படி: பி.இ.இ. தேர்வு

இப்போது அந்தக் கோர்ஸ் கேள்விக்கு வருவோம். எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் என்ற சான்று பி.இ.இ. நடத்தும் தேசியத் தேர்வில் தேறினால்தான் கிடைக்கும். தனியார் பயிற்சி மையம் கொடுக்கும் காகிதம் அது ஆகாது. "ஐந்தே நாளில் சான்றளிக்கப்பட்ட ஆடிட்டர்" என்று விளம்பரம் பார்த்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு அனுபவம் கட்டாயம். பி.இ. முடித்தவருக்கு எரிசக்தி தொடர்பான பணியில் மூன்று வருடம், டிப்ளமாகாரருக்கு ஆறு வருடம். நான்காவது படியை முதலில் சொன்னதற்கு இது ஒரு காரணம். நான்கு தாள்கள்: பொது, வெப்பச் சாதனங்கள், மின் சாதனங்கள், கடைசியாகச் செயல்திறன் மதிப்பீடு. முதல் மூன்று தேறினால் மேனேஜர், நான்கும் தேறினால் ஆடிட்டர். தாளுக்கு 50 சதவீதம் வேண்டும். நான்காவது தாளைப் புத்தகம் பார்த்து எழுதலாம், அதை நம்பித்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பக்கம் புரட்டவே நேரம் போய்விடும். நான்கு வழிகாட்டிப் புத்தகங்களையும் பி.இ.இ. தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

கட்டட ஆட்களுக்கு இரண்டாம் தாள் கசக்கும். பாய்லர், ஃபர்னஸ், நீராவி என்று ஆலைச் சமாச்சாரம் நிறைய. திட்டிக்கொண்டே படியுங்கள், ஓட்டல் லாண்டரியிலும் மருத்துவமனையிலும் பாய்லர் இருக்கிறது. தேறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சி உண்டு. சட்டப்படி கட்டாயமான ஆடிட்டில் கையெழுத்துப் போட, சான்றுக்கு மேலே அங்கீகாரமும் பெற வேண்டும். அதற்கு இன்னும் சில வருட ஆடிட் அனுபவம் தேவை.

பசுமைக் கட்டடச் சான்றுகள் பற்றி இரண்டு வரி. ஐ.ஜி.பி.சி., கிரிஹா, அமெரிக்க லீட் என்று மூன்று குடும்பங்கள் இந்தியாவில் புழங்குகின்றன. ஆலோசனை நிறுவனத்தில் வேலை வேண்டுமென்றால் ஐ.ஜி.பி.சி. ஏ.பி. அல்லது லீட் கிரீன் அசோசியேட், ஆட்களுக்குத் தரும் இந்த இரண்டு சான்றில் ஒன்று போதும். லீட் கட்டணம் டாலரில் என்பதால், முடிந்தால் நிறுவனத்தையே கட்டச் சொல்லுங்கள். மூன்றையும் வாங்கிப் பெயருக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைத் தலைகீழாகப் பிடித்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூர் போக நினைப்பவர்கள் சில்லர் அளவீட்டில் நிற்கலாம். அங்கே பெரிய கட்டடங்களின் குளிர்விப்பு அமைப்பை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்வது சட்டம். அளக்கத் தெரிந்த கைக்கு மதிப்பு உண்டு.

கருவிப் பையும் நேர்முகமும்

முதலில் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் ஏசியிலும் எல்.இ.டி. விளக்கிலும் தப்பான எண் காட்டும். அப்புறம் பிளக்கில் செருகி யூனிட் பார்க்கும் சின்ன மீட்டர், ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவி. வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தெர்மல் கேமராவைச் சொந்தக் காசில் வாங்கவே வேண்டாம்.

நேர்முகத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: பம்ப் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் எவ்வளவு குறையும்? ஐந்தில் ஒரு பங்கு என்று சொன்னால் வெளியே போகலாம். வேகத்தின் மும்மடிப்படி இறங்கும், 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51, ஏறக்குறைய பாதி. கூடவே, உயர மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு இது அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மீட்டர் முன்னால் நின்ற நாளிலிருந்து ஒரு நோட்டு போட்டு, அளந்ததையெல்லாம் தேதியோடு எழுதி வாருங்கள். சான்றிதழ் ஃபைலோடு அதையும் எடுத்துப் போங்கள். நான் ஆள் எடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்?" என்பதுதான். பெரும்பாலும் ஸ்டார் ஸ்டிக்கரில் இருப்பதை ஒப்பிப்பார்கள். போன மாதம் வந்த டிப்ளமா பெண் மட்டும் நோட்டைப் பிரித்தாள். "சாதாரண நாள்ல 0.8 சார். பொங்கலுக்குச் சொந்தக்காரங்க வந்தப்போ 1.1. கதவை எத்தனை தடவை திறக்கறாங்கன்னு எண்ணிட்டு நின்னேன், அம்மா திட்டிட்டாங்க."

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டேன்.